புளியில் ஊறிய பச்சைக் கல்

செம்புக் கல் பொறுக்குகிறேன் என்று சொன்னால் பெங்களூரில் யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. ஆபீஸில் ஒருவர், "விக்கிறீங்களா?" என்றார். இல்லை. "ராசிக்கல்லா?" அதுவும் இல்லை. அப்படியானால் எதற்கு என்று அவர் முகம் கேட்டது. அந்த முகத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

பழைய செம்புச் சுரங்கங்களுக்கு வெளியே, வேண்டாமென்று கொட்டிய கல் குவியல் குவியலாகக் கிடக்கும். வெயிலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் புரட்டினால் ஒன்றிரண்டு தேறும். காற்றும் தண்ணீரும் பட்டுச் செம்பு அதில் பச்சையாகவோ நீலமாகவோ மாறியிருக்கும். அந்தப் பச்சையின் மேல் எனக்குப் பைத்தியம். அவ்வளவுதான் காரணம்.

வீட்டில் இன்னும் மோசம். அப்பா கோலார் தங்கவயலில் முப்பது வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் உடம்பெல்லாம் தடவிச் சோதித்துத்தான் வெளியே விடுவார்களாம். பிறகு சுரங்கத்திலிருந்து ஒரு பொடிக்கல்லாவது வீட்டுக்கு வருமா? பெங்களூர் விவேக் நகரில் எங்கள் இரண்டு அறை வாடகை வீட்டில் நான் முட்டை அட்டையில் கல் அடுக்குவதைப் பார்த்தாலே அவருக்கு எரியும்.

"தங்கம் தோண்டுன ஊட்ல பொறந்துட்டு செம்பு பொறுக்கினுகீற. அதுவும் வேணாம்னு கொட்டுனத."

என்னிடம் இருந்ததிலேயே நல்லது சித்ரதுர்கா பக்கம் மூடிப்போன ஒரு சுரங்கத்தில் கிடைத்தது. உள்ளங்கை அகலம், வெள்ளைக் கல். நடுவில் ஒரு குழி. குழிக்குள் ஊசி ஊசியாகப் பச்சை, தொட்டால் உதிர்ந்துவிடும். பஸ்ஸில் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, வழி முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இன்னொன்று கிடைக்காதா என்று மறுபடி போனேன். வேலி போட்டிருந்தார்கள். காவலாளி கன்னடத்தில், லெட்டர் இருந்தால் உள்ளே விடுகிறேன் என்றார். லெட்டர் யார் தருவார் என்று அவருக்கும் தெரியவில்லை, நான் ஏறி இறங்கிய ஆபீஸ்களுக்கும் தெரியவில்லை. மூன்றாம் முறை போனபோது வேலி இருந்தது, குவியலைக் காணோம். ரோடு போட வழித்துக்கொண்டு போய்விட்டார்களாம். ஆக, அந்த இடத்துக் கல் என்று என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள். பூசணிக்காயோடு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அப்பா வருஷா வருஷம் அன்றைக்குத் தன் பழைய பித்தளைச் சுரங்க விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார். பின்பக்கம் குழாயடியில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் என் முட்டை அட்டைகள் காலியாகக் கிடந்தன.

"இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க?"

"செம்புன்னு நீதானடா சொன்ன? ஒரே களிம்பு. காலைலயே புளித்தண்ணில ஊறப் போட்டு, நாரு வெச்சித் தேச்சேன். ஒண்ணொண்ணும் எப்டி பளிச்சினுகீது பாரு."

களிம்பு! நான் வருஷக்கணக்கில் தேடியதே அந்தக் களிம்பைத்தான். சித்ரதுர்கா கல்லை எடுத்துப் பார்த்தேன். குழிக்குள் ஒரு ஊசி கூட இல்லை. அலம்பிய பீங்கான் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. வாளித் தண்ணீரில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது.

வாய்க்கு வந்தபடி கத்தினேன். அதில் ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. "முப்பது வருஷம் கல்லுக்குள்ளயே கெடந்தியே, ஒரு கல்லு இன்னான்னு தெரியாதா ஒனக்கு?"

அப்பா கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார்.

கத்தி முடித்துத் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோதுதான் பார்த்தேன். சாமி படத்துக்குக் கீழே இலை போட்டிருந்தது. நடுவில் சுரங்க விளக்கு. அதைச் சுற்றித் தேய்த்து முடித்த என் கற்கள் ஏழெட்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். ஒரு பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருந்தார், மற்றவற்றுக்கு. தன் விளக்கின் பக்கத்தில் அவர் வேறு எதையும் வைத்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகும் என் கோபம் இறங்கவில்லை என்பதுதான் உண்மை. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த வெள்ளைக் கல்லை நானே கொண்டுபோய் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். இனி அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர், கல்லைப் பார்த்ததும் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அத எடுத்து உள்ள வெச்சிடுப்பா. என் கையி பட்டா கெட்டுடும்."