தானாக நகர்ந்த கைப்பிடி

அப்பாவைக் குளிக்க வைப்பது என் வேலை. பக்கவாதம் வந்ததில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நாங்கள் வேலூரில் இருந்தோம். என் மனைவி நர்ஸ். காலை ஷிப்டுக்கு ஆறரைக்கே கிளம்பிவிடுவாள். எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. எட்டு மணிக்குக் கம்பெனி பஸ். அதற்குள் அவரைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, பகலில் பார்த்துக்கொள்ள வரும் அம்மாளிடம் விட்டுவிட்டு ஓட வேண்டும்.

வீடு கட்டியபோது ஆசைப்பட்டு ஒற்றைக் கைப்பிடி ஷவர் வைத்திருந்தேன். தூக்கினால் தண்ணீர் வரும். இடப்பக்கம் தள்ளினால் கீசர் தண்ணீர், வலப்பக்கம் தள்ளினால் பச்சைத் தண்ணீர். அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைப்பேன். வெதுவெதுப்பாக வைத்து, கையை நீட்டிப் பார்த்து, சோப்புப் போட்டுவிடுவேன். அதன்பின் அவர் இடது கையால் என்னைக் கதவுப்பக்கம் தள்ளுவார். மகன் முன்னால் அம்மணமாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நான் வெளியே வந்து சட்டைக்கு இஸ்திரி போடுவேன். திரும்பி வந்ததும் கைப்பிடியை அழுத்தி மூடுவேன். அது எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்ததில்லை. மார்கழிக் குளிரில் ஆவி எழுந்ததும் இயல்பாகத்தான் பட்டது.

அந்த மார்கழியில்தான் அவர் குளிக்க வர மறுக்க ஆரம்பித்தார். குளியலறை வாசலில் இடது கையால் நிலையைப் பிடித்துக்கொள்வார். தொண்டையிலிருந்து ஊ, ஊ என்று ஒரு சத்தம் வரும். வியாதி வந்தவர்களுக்கு இப்படிப் பிடிவாதம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

"தினமும் இதே பேஜாராப் போச்சுப்பா. பஸ் போய்டும். சும்மா உக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். இப்படிப் பத்து நாள் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு லீவு. கோயிலுக்குப் போகுமுன் அப்பாவுக்குச் சட்டை மாற்றிவிட்டவள் என்னைக் கூப்பிட்டாள். அவருடைய வலது தோளிலும் முதுகிலும் திட்டுத் திட்டாகச் சிவந்து, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. வேர்க்குரு என்று நினைத்தேன் என்றேன்.

"மார்கழியில வேர்க்குருவா? இது சுடுதண்ணி பட்டது. அவரு குளிக்கறப்ப நீங்க எங்க நிக்கறீங்க?"

நேராகக் குளியலறைக்குப் போனேன். அதே நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்துக் கையை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு யாரும் தொடாமலே அந்தக் கைப்பிடி மெல்ல இடப்பக்கம் சரிந்தது. தோளில் நெருப்பு பட்டது போலிருந்தது. துள்ளி எழுந்துவிட்டேன். அப்பாவால் எழ முடியாது. கைப்பிடி அவருக்கு எட்டவும் எட்டாது.

அதன்பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. மூடிய பிறகும் ஷவர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அடியில் வாளி வைத்தேன். முன்பு இறுக்கமாக இருந்த கைப்பிடி ஒரு விரலுக்கே ஆடியது. நான் சௌகரியம் என்று நினைத்தேன்.

பிளம்பருக்குப் போன் செய்தேன். டைலை உடைத்து முழுசாக மாற்ற வேண்டியிருக்கும், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். செவ்வாய் வரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. கீசரை அணைத்து, மாடித் தொட்டியின் வால்வை மூடினேன். கைப்பிடியிலிருந்த சின்ன மூடியைக் கத்தி முனையால் நெம்பி, உள்ளேயிருந்த திருகைக் கழற்றினேன். உப்பு பிடித்துக் கைப்பிடி வரவில்லை. வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து அரைமணி நேரம் காத்திருந்தேன். பிறகு கைப்பிடி கழன்றது. உள்ளே இருந்த பெரிய நட்டை ஸ்பேனரால் திருகியதும், சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் கார்ட்ரிட்ஜ் கையோடு வந்தது. கட்டைவிரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் உருளை. அடியிலிருந்த ரப்பர் வளையங்கள் கல்லாகியிருந்தன. ஒன்று வெடித்திருந்தது.

கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஜாருக்குப் போனேன். மேல்விஷாரத்துக்காரர் ஒருவரின் ஹார்டுவேர் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். அவர் அதன் தண்டை விரலால் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள பிடிப்பே இல்ல சார். உள்ள இருக்கற பீங்கான் பில்லை தேஞ்சு போச்சு. போர் தண்ணில உப்பு ஜாஸ்தி இல்ல? ரெண்டு மாசமாவே ஆடியிருக்குமே, பாக்கலயா?"

பார்க்கவில்லை என்றேன். அளவெடுத்து அதே மாதிரி ஒன்றைத் தேடிக் கொடுத்தார். உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைக்கணும், அடியிலிருக்கும் இரண்டு முளையும் குழியில் சரியாக இறங்கணும், நட்டை ரொம்ப இறுக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அப்படியே செய்தேன். பழைய டூத் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தெடுத்தேன். மாட்டி முடித்து மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கால்மணி நேரம் கைப்பிடி வைத்த இடத்திலேயே நின்றது. தண்ணீர் ஒரே சூட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னேன்.

"சரி பண்ணிட்டேம்பா. இனிமே சுடாது. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

அவர் நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் விரல்களைப் பிரிக்கவில்லை. அறைக்கே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து துணியால் துடைத்துவிட்டேன். அதற்குமுன் அவர் இடது கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் தினமும் அப்படித்தான். அவர் கையை விட்டுப் பார்த்துத் தலையசைக்கும் வரை நான் துணியை நனைப்பதில்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் அவர் இறந்தார். உடலைக் கழுவியபோது, அவரோடு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த முதியவர் ஒருவர் உதவிக்கு நின்றார். வலது தோளிலிருந்த கறுத்த தழும்பைத் தடவிப் பார்த்து, அந்தக் காலத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் பட்டதா என்று என்னிடம் கேட்டார்.

ஆமாம் என்றேன்.