மாமனார் தலைக்கு வந்த மஞ்சள் தொப்பி

லாஸ்பேட்டையில் நான் வேலை செய்யும் கல்லூரி அலுவலகத்தில், பக்கத்து மேசைப் பெண் நிறைமாதமாக இருந்தாள். எல்லோரும் குழந்தைக்குக் கடையில் வாங்கித் தருவார்கள், நாம் கையால் ஏதாவது பின்னித் தருவோம் என்று எனக்குத் தோன்றியது. அறுந்த பட்டனைத் தைக்கவே தையற்காரரிடம் போகிறவள் நான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

நேரு வீதியில் மஞ்சள் உல்லன் நூலும் குரோஷா ஊசியும் வாங்கினேன். கடைக்காரர் ஊட்டிக்குப் போகிறீர்களா என்று கேட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே உல்லன் கேட்கிற ஒருத்தியிடம் வேறென்ன கேட்பார், பாவம்.

வீட்டில் செல்போனில் வீடியோ போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு பெண் முகம் காட்டாமல், இது ரொம்ப சுலபம் என்று சொல்லிச் சொல்லிப் பின்னினாள். அவளுக்குச் சுலபமாகத்தான் இருந்தது. முதலில் முயன்ற காலுறை காய்ந்த மிளகாய் மாதிரி சுருண்டு வந்ததால் தொப்பிக்கு மாறினேன். நடுவில் ஒரு வளையம் போட்டு, சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதுதான் எனக்குப் பிடிபடவேயில்லை. தொப்பி விரிந்துகொண்டே போயிற்று.

எங்களோடு இருந்த மாமனார் சோபாவில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் கவனித்து வந்தார். மில்லில் ஓடிய நூலையெல்லாம் பார்த்தவன் நான் என்பார். பார்த்தது உண்மைதான், அவர் வேலை செய்தது மில் கேண்டீனில். ஒருநாள் என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தொப்பி இல்லமா. சட்டி எறக்கற துணி" என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்குச் சில வாரங்களில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். என் கணவருக்கு ஷிஃப்ட் வேலை என்பதால், பெரும்பாலும் நான்தான் லீவு போட்டுவிட்டு உடன் போனேன். சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? நூலையும் கொண்டுபோனேன். அங்கேதான் தொப்பி முடிந்தது. அதற்குள் அலுவலகப் பெண்ணுக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது. தொப்பியில் அந்தக் குழந்தையையே படுக்க வைக்கலாம். பேசாமல் கடையில் ஒரு சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாமனாருக்கு முடி கொட்டியது. சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் தெருவில் இறங்காத மனிதர். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர், கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொன்னார். வெளியே போகும்போதெல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். மருந்து ஏற்றும் அறையில் ஏசி ஓடும். துண்டு நழுவிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அதை மூன்றாவது முறையாக நான் எடுத்துப் போட்டபோது, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"பையில கெடக்குதே, அதக் குடு."

எதை என்று கேட்டேன்.

"அதாம்மா, அந்தச் சட்டித் துணி."

போட்டுக்கொண்டார். அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் பிள்ளைச்சாவடி ஊர்க்காரர் ஒருவர் படுத்திருந்தார். அவர் மனைவி என்னிடம் வந்து, இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று மெதுவாக விசாரித்தார். நான் பின்னியது என்று சொன்னதும், அவர் முகத்தில் வந்த மரியாதையை என்னால் மறுக்க முடியவில்லை. அவர் கணவருக்கு நீலத்தில் ஒன்று பின்னினேன். பிறகு எதிர்க் கட்டிலுக்கு ஒன்று. நிறுத்தும் இடம் தெரியாத என் கணக்கு பெரியவர்கள் தலைக்கு மட்டும் சரியாக வந்தது. நர்சம்மா என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் திருத்தவில்லை.

மருந்தெல்லாம் முடிந்து, இப்போது பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறோம். நரைமுடி குட்டையாக முளைத்துவிட்டது. ஆனாலும் கத்திரி வெயிலில் மாமனார் அந்தத் தொப்பியோடுதான் பஸ் ஏறுகிறார். வீட்டில் மட்டும் நூல் கடிக்கிறது, பின்னல் ஒரு பக்கம் இழுக்கிறது என்று குறை சொல்லாத நாள் இல்லை.

போன முறை பஸ்ஸில் அவருக்கு முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் இருந்தவர், இந்த வெயிலில் உல்லன் தொப்பியா என்று அவரைக் கேட்டது காதில் விழுந்தது.

"மருமவ போட்டுக் குடுத்தது. கடையில கெடைக்காது" என்றார் மாமனார்.

நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதுமே, அரிக்கிறது என்று ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, வெயிலுக்கு வெள்ளையில் பருத்தி நூல் வருமா என்று பொதுவாகக் கேட்டுவைத்தார். வரும் என்றேன்.