அப்பா போட்ட போன்

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளம் வெள்ளத்தில் மூழ்கிய அன்று, எல்லாரும் இரண்டாவது மாடிக்கு வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். மின்சாரம் போய் எல்லார் செல்போனும் அணைந்திருந்தது. அப்பாவின் பட்டன் போனைத்தான் நம்பியிருந்தார்கள்.

அப்பா போருக்குப் போய்வந்த பட்டாளத்துக்காரர். பிறகு ஒரே ஒரு முறை எம்.எல்.ஏ. தொகுதியிலேயே பாதிப் பேர் அவரை மறந்துவிட்டார்கள். தண்ணீர் ஏறினால் மட்டும் ஞாபகம் வந்துவிடும்.

"இன்னா சார், நீங்க ஒரு போன் போட்டா போட் வராதா?" என்றார் வாட்ச்மேன்.

அப்பா போனைக் காதில் வைத்தார். "ஆமா, முப்பது பேரு. ரெண்டு கைக்குழந்தை இருக்கு. சரி, சீக்கிரம்." பிறகு திரும்பி, "போட் கிளம்பிடுச்சு. யாரும் தண்ணியில இறங்காதீங்க" என்றார். நீந்திப் போய்விடலாம் என்று கைலியை மடித்துக் கட்டியிருந்த இரண்டு பேர் படியில் உட்கார்ந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த போன் காலையிலேயே அணைந்துவிட்டது. அவரை உள்ளே இழுத்துப் போய், "ஏம்ப்பா இப்படிப் பொய் சொல்றீங்க?" என்றேன்.

"எல்லையில எங்க ஒயர்லெஸ் செத்துப்போச்சு. சுபேதார் அதுல இப்படித்தான் பேசிட்டே இருந்தார். ஆள் வருதுன்னு நம்பி யாரும் பதுங்குகுழியை விட்டு ஓடல. ஓடியிருந்தா செத்திருப்போம்."

"ஆள் வந்தாங்களா?"

"மூணாம் நாள்."

வெளியே யாரோ, "தண்ணி ஃபர்ஸ்ட் ஃப்ளோருக்கு வந்துடுச்சு!" என்று கத்தினார்கள். அப்பா போனை என் கையில் திணித்தார்.

"எனக்குக் குரல் நடுங்குது. இந்தத் தடவை நீ பேசு."