ஆம்பளை நின்றால் நிற்கும் பஸ்

அன்னக்கொடிக்கு முப்பத்தெட்டு வயது. அவனியாபுரத்தில் நைட்டி தைக்கும் கூடம் ஒன்றில் வேலை. ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகுதான் வேலைக்கே ஒப்புக்கொண்டாள். சலுகையில் ஒரு குறையும் இல்லை. பஸ்தான் நிற்பதில்லை. நிறுத்தத்தில் சேலைகளை மட்டும் கண்டால் டிரைவருக்கு எங்கிருந்தோ அவசரம் வந்துவிடும்.

மூன்று நாள் தாமதமாகப் போனாள். கூடத்தை நடத்தும் ஃபர்ஹா கோபத்தையும் மரியாதையாகவே சொல்கிறவள்.

“அக்கா, இன்னொரு நாள் லேட்டானா உங்க மிஷின்ல வேற ஆளு உக்காந்திருக்கும். மனசுல வச்சுக்காதீங்க.”

மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்த புருஷன் மருதுவை அப்படியே இழுத்துவந்து ரோட்டோரம் நிறுத்தினாள். அவளும் கூட வேலைபார்க்கும் மூன்று பெண்களும் பூட்டிக் கிடந்த பரோட்டாக் கடைக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

“நான் எதுக்குடி?”

“கையக் காட்டுங்க. நின்னதும் படியில ஒரு கால வச்சுக்கங்க. நாங்க ஏறிக்கிருவோம்.”

“பொம்பளைக முன்னேறணும்னாலும் ஆம்பளை வேண்டியிருக்குல்ல?”

“பந்தலுக்குக் கம்பு ஊண்டுறதில்லையா, அந்த மாதிரிதான். பேசாம நில்லுங்க.”

பஸ் நின்றது. கடைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்த நால்வரும் ஏறிய வேகத்தில் மருதுவும் உள்ளே போய்விட்டான். கைலி, தோளில் துண்டு, வாயில் பற்பசை.

“டிக்கெட்ண்ணே” என்றார் கண்டக்டர்.

“நான் வரலய்யா.”

“ஒங்கள நம்பித்தானண்ணே நிப்பாட்டுனோம்” என்ற கண்டக்டரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அன்னக்கொடி தன் சுருக்குப்பையிலிருந்து புருஷனுக்கு டிக்கெட் எடுத்தாள். பிறகு டிரைவருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“எங்க ஊர்ல இன்னும் நாப்பது ஆம்பளைக இருக்காகண்ணே. தெனம் ஒரு ஆள நிப்பாட்டுவோம். அம்புட்டுப் பேரும் பல்லு விளக்காமத்தான் வருவாக.”

டிரைவர் கண்ணாடியில் மருதுவை ஒருமுறை பார்த்தார். அடுத்த நாள் சேலைகளுக்கே பஸ் நின்றது. மிஷினும் அன்னக்கொடியிடமே இருக்கிறது.

மருது இப்போது குளித்து, பவுடர் பூசி, தினமும் நிறுத்தத்துக்கு வந்து கை காட்டுகிறான். பஸ்ஸை நிறுத்துவது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்கிறான். அன்னக்கொடி மறுப்பதில்லை. நின்று மறுத்தால் வேலைக்கு நேரமாகிவிடும்.