பதினான்கு பேர் குழுவும் ஒரு நகப்பூச்சு விளக்கும்

கொழும்பிலுள்ள எங்கள் தலைமைக் கந்தோரிலிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டு செய்திகள் இருந்தன. முதலாவது, நாங்கள் பொதி செய்து அனுப்பிய நண்டுச் சதையை வெளிநாட்டுக்காரர்கள் மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சதைக்குள் ஓட்டுத் துணுக்குகள். இன்னும் ஒரு தடவை திரும்பி வந்தால் பேசாலைக் கரையிலுள்ள எங்கள் கொட்டகையை மூடிவிட்டு, வேலையை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டாவது, அப்படி நடக்காமலிருக்க, முகாமையாளரான நான் ஒரு வாரத்துக்குள் புத்தாக்கக் குழு ஒன்றை அமைக்க வேண்டும்.

முதலாவதை வாசித்ததும் எழுந்து போய்க் கொட்டகையை ஒருதரம் எட்டிப் பார்த்தேன். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்துப் பெண்கள். கொட்டகை போனால் அவர்களுக்குப் போக வேறு இடமில்லை. இரண்டாவதை வாசித்தபோது, வெட்கத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. கொழும்பு ரயிலில் வாசிப்பதற்கென்று முகாமைத்துவ நூல்கள் மூன்று வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றிலும் முதல் அத்தியாயம் எனக்கு மனப்பாடம். மதவாச்சி நிலையம் வருவதற்குள் அது முடிந்துவிடும்; அதற்குப் பிறகு நித்திரை. சரியான ஆட்களைத் தெரிவு செய்யுங்கள் என்று மூன்று முதல் அத்தியாயங்களும் ஒரே குரலில் சொல்கின்றன. சரியான ஆள் யார் என்பது இரண்டாம் அத்தியாயத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆகையால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். பல வருடங்கள் கோயில் திருவிழாக் குழுவில் இருந்தவன் நான். எங்கள் பக்கத்தில் திருவிழாக் குழு போடும்போது யாரால் வேலை செய்ய முடியும் என்று பார்ப்பதில்லை, யாரை விட்டால் கோபிப்பார் என்றுதான் பார்ப்பது. வடக்குத் தெருவில் ஒருவரைப் போட்டால் தெற்குத் தெருவிலும் ஒருவர். போன வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் கட்டாயம் ஒருவர். அப்படிப் போட்ட குழுவால் திருவிழா நடக்காது, ஆனால் சண்டையும் நடக்காது. திருவிழாவை வழக்கம்போலக் குழுவில் இல்லாத நாலு பேர் நடத்திவிடுவார்கள்.

இதே முறையில் பதினான்கு பேரைப் போட்டேன். கணக்காளர் இருந்தார், ஐஸ் அறைக்காரர் இருந்தார், தலைமன்னாரிலிருந்து நண்டு கொண்டுவரும் முகவர் இருந்தார். காவலாளியும் இருந்தார், அவருடைய அண்ணர் கோயில் மூப்பர். தரக்கட்டுப்பாட்டு அதிகாரியான பெண் உப்புக்குளத்திலிருந்து வருகிறவர், முஸ்லிம். குழுவில் ஒரு முஸ்லிமும் வேண்டும், ஒரு பெண்ணும் வேண்டும் என்றிருந்த எனக்கு, ஒரே ஆளில் இரண்டு இடம் நிரம்பியது பெரிய சாதனையாகத் தெரிந்தது. அவர் உணவு விஞ்ஞானம் படித்தவர் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

முதற் கூட்டத்தில் அடுத்த கூட்டத்தை என்றைக்கு வைப்பது என்று பேசினோம். வெள்ளி மத்தியானம் ஜும்ஆ தொழுகை. செவ்வாய் பின்னேரம் அந்தோனியார் நவநாள். ஞாயிறைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் கூட்டத்தில் குழுவினர் போடும் ரீ-சேர்ட் என்ன நிறம் என்று பேசினோம். மூன்றாம் கூட்டத்தில்தான் பிரச்சினைக்கு வந்தோம். சதை எடுக்கும் பெண்களுக்குப் பொறுப்பான அக்காவை அழைத்து, ஓடு எப்படி உள்ளே போகிறது என்று விசாரித்தோம்.

"சேர், சதையும் வெள்ளை, ஓட்டுத் துண்டும் வெள்ளை. கண்ணுக்குத் தெரியிறதை எல்லாம் எடுத்துப்போட்டுத்தான் விடுறம்," என்றார் அவர். "தெரியாததை என்னெண்டு எடுக்கிறது?"

நல்ல கேள்வி. அதைக் கூட்டக் குறிப்பில் பதிந்துகொண்டோம். பிறகு கணக்காளர், எல்லாருக்கும் கண் பரிசோதனை முகாம் ஒன்று வைக்கலாம் என்றார். தீர்மானம் நிறைவேறியது. தேநீரோடு றோல்ஸ் வந்தது.

அடுத்த பொதி போக நாலு நாளிருக்கையில், ஒரு திங்கட்கிழமை காலை, தரக்கட்டுப்பாட்டு மிஸ் என் அறைக்குள் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். சதை எடுப்பவர்களில் ஒருத்தி; முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். சனிக்கிழமைகளில் பேசாலையில் கலியாணப் பொம்பிளைகளுக்கு அலங்காரம் செய்வாள் என்று தெரியும். கையுறையைக் கழற்றிய வலது கையை நீட்டியபடி நின்றாள். சுண்டுவிரல் நகத்தில் மட்டும் நல்ல மாதுளை நிறம்.

சதை தொடுகிற கையில் நகப்பூச்சு கூடாது என்பது எங்கள் சுகாதார விதி. கையுறை கிழிந்தால் உரிந்து உள்ளே விழும். அதற்காக அவளுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது கடிதம் என்றால் வீடு. அந்த மூன்றாவது, மிஸ்ஸின் கையில் இருந்தது. என் கையெழுத்து மட்டும் பாக்கி.

"ஏன் பிள்ளை, தெரிஞ்சுகொண்டே பூசினனி?" என்றேன்.

"கலியாணப் பொம்பிளை கலர் பாக்கக் கேக்கும் சேர். ஆற்றை கையிலை பூசிக் காட்டுறது? சின்ன விரல்தானே எண்டு நினைச்சன்." பிறகு கடிதத்தைப் பார்த்தாள். "நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ. போக முதல் ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன்."

அவள் சொன்னது இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து நேரே பொம்பிளை வீட்டுக்குப் போயிருக்கிறாள். நகப்பூச்சைக் காயவைக்க ஒரு சின்ன ஊதா விளக்கு வைத்திருக்கிறாள். அன்று கையுறை கிழிந்திருந்த விரலை அதற்குள் விட்டபோது, நகத்துக்கு அடியில் ஏதோ நீலமாக மின்னியது. ஊசியால் எடுத்துப் பார்த்தால் நண்டு ஓட்டுத் துணுக்கு. அதைத் தனியே விளக்குக்குள் வைத்தாள். அப்போதும் மின்னியது. மறுநாள் வீட்டில் நண்டு அவித்து, சதையில் ஓட்டை நொறுக்கிக் கலந்து பார்த்தாள். ஓடு மட்டும் மின்னியது. இதைத் தலைமைக் கந்தோர் ஆராய்ச்சி என்று சொல்லும். அவளுடைய மாமியார் நல்ல நண்டைப் பழுதாக்கியதாகச் சொன்னாராம்.

"ரெண்டு மாசமா ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ஆரிட்டைச் சொல்ல? உங்கட கமிட்டியிலையோ? சொன்னா முதற் கேள்வி, லைட்டுக்குள்ள ஏன் கை வைச்சனி எண்டுதான். அதோடை மூண்டாவது கடிதம்."

மிஸ் கடிதத்தை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "விளக்கை நாளைக்குக் கொண்டு வாரும்," என்றார்.

மறுநாள் காலை களஞ்சிய அறையின் யன்னலைக் காட்போட் மட்டைகளால் மூடினோம். வாய் திறந்த சின்னப் பெட்டிபோல் இருந்தது விளக்கு. ஒரு கை நுழையும், ஒரு தட்டும் நுழையும். பரிசோதித்து முடித்து அனுப்பத் தயாராயிருந்த பெட்டி ஒன்றை மிஸ் திறந்து, கொஞ்சச் சதையைத் தட்டில் பரப்பி உள்ளே தள்ளினார். மூவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தோம். சதை மங்கலாகக் கிடந்தது. அதற்குள் நாலு நீலப் புள்ளிகள்.

மிஸ் பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தார். "இது நான் பாத்து விட்ட பெட்டி. என்ரை கையெழுத்து," என்றார். குரல் சின்னதாகிவிட்டது.

குத்திக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திராது. "பகல் வெளிச்சத்திலை ஆருக்கும் தெரியாது, மிஸ். நான் எடுத்த சதையாயும் இருக்கலாம்," என்றாள்.

இருவரும் தங்கள் பங்கை ஒத்துக்கொண்ட பிறகு நான் சும்மா நிற்பது மரியாதையாகப் படவில்லை. "பதினாலு பேரைக் கூட்டி வைச்சு ரீ-சேர்ட் நிறம் பேசினது என்ரை பிழை," என்றேன்.

"பதினஞ்சு சேர். உங்களையும் எண்ணுங்கோ," என்றாள் அந்தப் பெண்.

வெள்ளி வரை அந்த அறைக்குள்ளேயே கிடந்தோம். சனிக்கிழமை ஒரு கலியாணம், விளக்கு தனக்கு வேண்டும் என்று அவள் முதலே சொல்லிவிட்டாள். நகத்தைச் சுத்தமாக்கிக்கொண்டு வந்து, அவள் சிறு இடுக்கியால் புள்ளிகளைப் பொறுக்கினாள், மிஸ் எழுதினார், நான் தட்டுக் கழுவினேன். மூன்று முதல் அத்தியாயங்கள் படித்தவனுக்கு ஏற்ற பதவி. வெள்ளி பின்னேரம் லொறி புறப்பட்டது. பொதி இந்த முறை திரும்பி வரவில்லை.

பிறகு அறிக்கை. தலைமைக் கந்தோரின் படிவத்தில் 'யோசனை உருவான விதம்' என்று ஒரு கட்டம். 'குழுவின் தொடர்ச்சியான கலந்துரையாடல்களின் பயனாக' என்று எழுதி, அதன் அழகை ரசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த மிஸ் எட்டிப் பார்த்தார்.

"இது பொய் சேர்."

"உண்மையை எழுதினா அந்தப் பிள்ளையின்ரை வேலை போகும்."

அவர் கைப்பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "மூண்டாவது இன்னும் குடுக்கேல்லை. பூசினது பிழைதான், அதை நான் சரியெண்டு சொல்லமாட்டன். பிழை விட்ட விரல் எண்டும் எழுதுங்கோ, அந்த விரலாலைதான் கண்டது எண்டும் எழுதுங்கோ. ரெண்டையும் அவையள் வாசிக்கட்டும்."

போகக்கூடிய வேலை எங்கள் இருவருடையதல்ல, அவளுடையது. கூப்பிட்டுக் கேட்டோம். வாசலில் நின்று கொஞ்சம் யோசித்தாள். "எழுதுங்கோ சேர். பேரையும் போடுங்கோ. எழுதாமல் விட்டா நாளைக்கு இதைக் கணக்காளர் கண்டுபிடிச்சதெண்டு சொல்லுவினம்."

எழுதி அனுப்பிவிட்டுப் பதினொரு நாள் காத்திருந்தோம். அந்த நாட்களில் அவள் வழக்கம்போல வந்தாள், வழக்கம்போலப் பகிடி விட்டுச் சிரித்தாள். மத்தியானச் சாப்பாட்டை மட்டும் திறந்து மூடிவிட்டு அப்படியே கொண்டு போவதாக அக்கா சொன்னார். நான் மின்னஞ்சலை மணிக்கு நாலு தரம் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை வந்த பதில் மூன்று வரி. பெரிய விளக்குகள் இரண்டு அனுப்பப்படும். விளக்கு அறையின் பொறுப்பு, கண்டுபிடித்த ஊழியருக்கு. 'மேற்படி ஊழியரின் நகம் தொடர்பான விடயத்தை உங்கள் மட்டத்தில் தீர்த்துக்கொள்ளவும்.' தலைமைக் கந்தோரிலிருந்து இத்தனை வருடத்தில் இதைவிட அழகான வசனம் எனக்கு வந்ததில்லை. வாசித்துக் காட்டியபோது அவள், "அப்ப திங்கள் வாறன் சேர்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் இரண்டு பேரின் சாப்பாட்டைச் சாப்பிட்டாளாம்.

பதினான்கு பேர் குழு இன்றைக்கும் இருக்கிறது. கலைத்தால் பதினான்கு பேரும் கோபிப்பார்கள். ரீ-சேர்ட் நீல நிறத்தில் வந்து சேர்ந்தது.

நக விடயத்தை எங்கள் மட்டத்தில் மிஸ் தீர்த்துக்கொண்டார். திங்கட்கிழமை காலைகளில் விளக்கு அறைக்குள் போகிறவர்கள் எல்லோரும் முதலில் அதே விளக்கின் கீழ் கையை நீட்ட வேண்டும். துடைத்த பிறகும் நக ஓரத்தில் ஒட்டியிருக்கும் பூச்சு அதில் பளிச்சென்று தெரியும்.

"நான் கொண்டு வந்து குடுத்த புத்தி, என்னையே காட்டிக் குடுக்குது," என்றாள் அவள், முதல் திங்களே பிடிபட்டபோது.

"கழுவிப்போட்டு வாரும்," என்றார் மிஸ். கடிதத்தைப் பற்றிப் பேச்சில்லை.

முகாமையாளர் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று எந்த அத்தியாயத்திலோ இருந்தது. நானும் கையை நீட்டினேன். ஐந்து விரலும் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒளிவிட்டன. காலையில் இடியப்பத்தோடு சாப்பிட்ட மஞ்சள் போட்ட சொதி.

மிஸ் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"சேர்," என்றாள் அவள், மிஸ்ஸை முந்திக்கொண்டு, "நீங்களும் கழுவிப்போட்டு வாங்கோ."