பித்தளை மூடிக்குள்ளே

என் தையல் பெட்டியில், ஊசிகளுக்கும் ஹிஜாப் பின்களுக்கும் நடுவே, விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கட்டை கிடக்கிறது. மின்சாரக் கிற்றாரின் பிக்கப் அது. கம்பி துடிப்பதைக் கேட்டு ஸ்பீக்கருக்கு அனுப்பும் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ வெளிநாட்டுத் தொழிற்சாலையில் செய்தது, முதுகில் வெள்ளை எழுத்து. தைக்க உட்காரும்போதெல்லாம் கையில் படும். பட்டதும் ஆத்திரம் வரும். தூக்கி எறிந்துவிடலாம்தான். ஆனால் அது என்னுடையதல்ல, காக்காவுடையது. அவர் வாய் திறந்து கேட்டால் கொடுத்துவிடலாம் என்று வைத்திருக்கிறேன்.

காக்கா என்றால் என் மூத்த சகோதரர். கிழக்கில் எங்கள் ஆட்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்போம். அவருக்குக் கிற்றார் பைத்தியம் பிடித்த காலத்தில் கடையில் வாங்க வழியில்லை. உடைந்த கட்டிலின் தலைமாட்டுப் பலகையை அறுத்து உடம்பு செய்தார். யாரோ வீசிய கிற்றாரிலிருந்து கழுத்தைக் கழற்றிப் பொருத்தினார். பிக்கப்புக்கு என்ன செய்வது என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது நான்தான் வாயைக் கொடுத்தேன். நெசவு ஊரான எங்கள் மருதமுனையில் ராட்டைக்கா பஞ்சம்? உம்மா சாறன் தறிக்கு நூல் சுற்றிய ராட்டை எங்கள் வீட்டில் சும்மா கிடந்தது. பழுதான ரேடியோ அடப்டரின் வயிற்றைப் பிளந்து, தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பியை எடுத்து, அந்த ராட்டையால் சின்னக் காந்தமொன்றின் மேல் சுற்றினேன். நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம். செப்புக் கம்பி அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை தரம் அறுந்தது என்று கேட்காதீர்கள். சுற்றி முடித்த சுருளை மெழுகில் தோய்த்து, உம்மாவின் ஓட்டைத் தட்டமொன்றின் பித்தளையில் மூடி வெட்டிப் போட்டேன். கடைப் பிக்கப்பின் படத்தைப் பார்த்து, அதே அளவில் மூடியை வெட்டினேன். அந்தக் கெட்டித்தனம்தான் பிறகு எனக்கே வினையானது.

முதல் முறை அது ஒலித்த அன்று, வாப்பாவே வெளித் திண்ணையிலிருந்து எழுந்து வந்து கேட்டார். நல்லாத்தான் இருக்கு, தொழுகையை விட்டுப்போட்டு மட்டும் இதைத் தடவிக்கொண்டு இராதே என்றார். காக்கா என்னைப் பார்த்து, "இது கிற்றார்ட சத்தமில்ல புள்ள, உன்ட சுருள்ட சத்தம்" என்றார். நான் குசினிக்குள் போய் அழுதேன். என்னை அதுவரை யாரும் எதற்கும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு அவர் அறுகம்பே ஹோட்டல்களில் வாசிக்கப் போனார். கொழும்பிலும் ஒரு முறை வாசித்துவிட்டு வந்தார். வந்ததும் சத்தம் முன்னையதை விடத் திரண்டிருந்தது. நான் கேட்டேன். சுருள் பழகப் பழகக் கனியும் என்றார். நம்பினேன். காக்கா சொன்னால் நம்பாமல் வேறு யார் சொல்லி நம்புவது? போகிற இடமெல்லாம் தங்கச்சி சுற்றிய சுருள் என்று சொல்லியும் வந்தார். அதைக் கேட்டு ஆலையடிவேம்பிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பெடியன்கள் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கும் அதே சத்தம் வேண்டும் என்றார்கள். உம்மா அவர்களை முன் அறையில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பா. நான் உள்ளே ராட்டையோடு இருப்பேன். என் வாழ்க்கையில் அந்தக் கொஞ்சக் காலம்தான் நான் தரையில் நடக்கவில்லை.

அது நீடிக்கவில்லை. சுருளைக் கொண்டுபோன பெடியன்கள் திரும்பி வந்தார்கள். ஆலையடிவேம்புப் பெடியன் மரியாதையாகத்தான் சொன்னான். "வடிவாத்தான் இருக்கு அக்கா. ஆனா உங்கட காக்காட சத்தம் வருதில்ல." நான் அவிழ்த்துச் சுற்றினேன். காந்தத்தை மாற்றினேன், மெழுகை மாற்றினேன், மறுபடி சுற்றினேன். வரவில்லை. ஒரு பின்னேரம் காக்கா பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டே நான் சுற்றுவதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார். "கை இறுகுது புள்ள. கொஞ்சம் இளக்கிச் சுத்திப் பாரு." நானும் இளக்கிச் சுற்றினேன். மட்டக்களப்பில் வாத்தியக் கடை வைத்திருக்கும் ஒருவர், தொடர்ந்து செய்து தருகிறாயா என்று கேட்டு ஆள் அனுப்பியபோது, என் கை விட்டுப்போச்சு, வேறு ஆளைப் பாருங்கள் என்று நானே சொல்லி அனுப்பினேன். ராட்டை கட்டிலுக்கு அடியில் போனது. கடைசியாகச் சுற்றிய சுருள் யாருக்கும் கொடுக்கப்படாமல் ஒரு டப்பாவில் கிடந்தது.

இந்த நோன்புக்கு முன்னர், காக்கா கம்பிகள் தங்கி நிற்கும் பிரிட்ஜும் கம்பி முறுக்கும் சாவிகளும் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தார். பழையவை துருப்பிடித்துவிட்டன. ஈயம் வைத்து ஒட்டும் வேலை என் கைக்குத்தான் சுத்தமாக வரும் என்று கிற்றாரை என் மடியில் வைத்தார். போகும்போது வாசலில் நின்று, பிக்கப்பில் மட்டும் கை வைத்துவிடாதே, அது உன்ட நல்ல வேலை என்றார். வாய் கூசாமல் சொன்னார். பிரிட்ஜிலிருந்து ஒரு வயரை உள்ளே ஒட்ட வேண்டும், அதற்காக முகப்பைக் கழற்றினேன். நான் போட்டது ரேடியோவிலிருந்து உரித்த சிவப்பு வயர். உள்ளே இருந்தது வெள்ளை வயர். பித்தளை மூடியைத் தூக்கினேன். கறுப்புப் பிளாஸ்டிக், வெள்ளை எழுத்து. என் மூடி இருந்தது, என் சுருள் இல்லை; கொழும்புக்குப் போய் வந்ததும் சத்தம் திரண்டது இதனால்தான்.

என் தலையில் இத்தனை காலமும் மிளகாய் அரைத்திருக்கிறார். மாற்றியதைக் கூடப் பொறுப்பேன். நல்லது கிடைத்தால் மாற்றுவான் மனுசன். சுருளை எங்கே வீசினாரோ, அதையும் பொறுப்பேன். ஆனால் இல்லாத குற்றத்தை நான் என் கையில் தேடித் தேடி அவிழ்த்துச் சுற்றிய அந்தப் பின்னேரம், எல்லாம் தெரிந்துகொண்டு கதிரையில் இருந்து யோசனை சொன்னாரே, அதை எப்படிப் பொறுப்பது? கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார், உனக்கு நோகும் எண்டுதான் சொல்லல்ல என்பார், நல்ல மனிதராகவே எழுந்து போவார். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கறுப்புக் கட்டையைக் கழற்றிவிட்டு, டப்பாவில் கிடந்த என் கடைசிச் சுருளை எடுத்து அந்த மூடிக்குள் வைத்து ஒட்டினேன். பிரிட்ஜையும் சாவிகளையும் ஒழுங்காகப் பூட்டிக் கொடுத்தேன்.

அவர் எங்கள் வீட்டிலேயே போட்டுப் பார்த்தார். இரண்டு தட்டுத் தட்டியதும் கை நின்றது. சத்தத் திருகைத் திருகிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வேற ஏதும் மாத்தினியா புள்ள?"

"நீங்க சொன்னதத்தான் செஞ்சன். உள்ள இருக்கிறது என்ட சுருள்தானே காக்கா?"

பித்தளை மூடியை விரலால் ஒரு தரம் துடைத்தார். பிறகு "ஓம்" என்றார்.

அந்தக் கிற்றாரோடுதான் இன்றும் அறுகம்பே போய் வருகிறார். சத்தம் குறைந்தது என்று ஒருவரும் சொல்லவில்லையாம், போன இடமெல்லாம் பாராட்டாம். மதினி வந்து காது குளிரச் சொல்லிவிட்டுப் போனா. எனக்குக் காது குளிரவில்லை. அப்படியென்றால் என் கை எப்போது பிழைவிட்டது? அந்தப் பெடியன்கள் கேட்டது சத்தத்தையா, காக்காவின் பெயரையா? இதைக் கேட்கவும் எனக்கு ஆளில்லை.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். போட்டிருந்த சேட்டில் பட்டனொன்று அறுந்து தொங்கியது. ஊசி இருக்கா புள்ள என்றார். தையல் பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு அங்கேயே இருந்தேன். மூடியைத் திறந்தார். கறுப்புக் கட்டை மேலேயே கிடந்தது. அவர் விரல் அதைத் தொட்டது, நான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அழுதுவிட்டு அன்றே மன்னித்திருப்பேன். அவர் அதை ஒரு பக்கமாக ஒதுக்கி, அடியிலிருந்து ஊசியை எடுத்து, பெட்டியை மூடினார். பிறகு கண் மங்கலாகத் தெரியுது, நீயே நூலைக் கோத்துத் தா என்று என்னிடம் நீட்டினார். கோத்துக் கொடுத்தேன்.