ஏழாம் பாட்டின் இடம்

மாசிலாமணி ஓதுவார் எங்கள் கூவலூர்ச் சிவன் கோயிலில் பதினான்கு வருடமாகப் பதிகம் பாடுகிறார், இன்னும் தற்காலிகம்தான். வேலை நிரந்தரமானால் கோயில் குடியிருப்பில் வீடு கிடைக்கும். இப்போதைய வாடகை வீடு மழைக்காலத்தில் எட்டு இடத்தில் ஒழுகும்.

ஊர்மீது கூவல் அடிகள் பாடிய பதிகத்தில் ஏழாம் பாட்டு இல்லை. ஏட்டில் அந்த இடத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஆறாவது முடிந்ததும் ஒரு பாட்டு நேரம் ஓதுவார் வாய் திறக்காமல் நிற்பார். தாளம் மட்டும் ஒலிக்கும். பிறகுதான் எட்டாவது. வெளியூர் ஓதுவார் ஒருவர் தெரியாமல் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவியபோது, கூட்டமே "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தியது.

இந்த வருடம் அடிகள் குருபூசைக்கு முந்தைய வாரம், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் தக்கார் ஒரு தாளை நீட்டினார். ஏழாம் பாட்டை அவருடைய மைத்துனர், தமிழ்ப் பேராசிரியர், எழுதியிருந்தார்.

"அந்த இடம் பொக்கை வாய் மாதிரி இருக்கு ஓதுவாரே. இதப் பாடி அடைச்சிடுங்க. உங்க ஃபைல் என் மேசையிலதான் இருக்கு."

வீட்டில் மனைவி வடிவாம்பாள் கேட்டாள்: "பாட்டு எப்படி?"

"இலக்கணம் சுத்தமா இருக்கு."

"அப்ப பாடிட்டு வாங்களேன். அடிகளா வந்து ஓடு மாத்தித் தரப்போறாரு?"

பாடுவதென்றே போனார்.

எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர், அன்று தாளைப் பார்க்க வேண்டி விழித்திருந்தார். ஆறாம் பாட்டு முடிந்தது. எதிரே இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்கள்; அத்தனை உதடும் அசைந்தது. துணி தேய்க்கும் அழகுவேல் கன்னம் நனைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். தூணோரம் வடிவாம்பாளும்தான். சத்தமே இல்லை. ஓதுவார் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். தாளம் ஓய்ந்ததும் எட்டாவதை எடுத்தார்.

"தொண்டை கட்டிக்கிச்சோ?" என்றார் தக்கார்.

"இல்லீங்க. எல்லாரும் பேசிக்கிட்டிருந்தாங்க. ஊடால நான் எப்படிப் பாடறது?"

தக்கார் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம், நிரந்தரப் பணியிடம் தேவையில்லை என்று கோப்பு மூடப்பட்டது.

சேதி வந்த அன்றுதான் ஓதுவார் மனைவியிடம் கேட்டார்: "குருபூசையன்னிக்கு, அந்த நேரத்துல என்ன வேண்டிக்கிட்டே?"

"உங்களுக்கு உத்தரவு வரணும்னுதான்."



"முழுசும் சொல்லி முடிச்சியா?"

"முடிச்சேன். நேரம் சரியா இருந்துச்சு."